ஜவ்வாது மலை: வனச் சட்டங்களும் சிறு நீர்மின் திட்டங்களும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி ஆகும். இது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணி நகரம் இம்மலையிலிருந்து வரும் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்துள்ளது. படவேடு அருகே உள்ள செண்பகத்தோப்பு அணையும் இம்மலை நீரையே தேக்குகிறது. மலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். மலை ஓடைகளில் மின்சாரம் எடுக்க வேண்டுமானால் எந்தச் சட்டங்கள் பொருந்தும் என்பது மலையூர்களுக்கும், அடிவாரத்தில் அதே நீரை நம்பியிருக்கும் ஊர்களுக்கும் முக்கியமானதாகும்.

சிறு நீர்மின்சாரம்

இந்தியாவில் 25 மெகாவாட் வரை திறனுள்ள நீர்மின் நிலையங்கள் சிறு நீர்மின் நிலையங்கள் என வகைப்படுத்தப்படுகின்றன. இவற்றில் 100 கிலோவாட் வரையுள்ளவை நுண் நீர்மின் நிலையங்கள் எனப்படும். 1897ஆம் ஆண்டு டார்ஜிலிங் அருகே சித்ராபோங்கில் தொடங்கப்பட்ட நிலையத்தின் திறன் 130 கிலோவாட் மட்டுமே. திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூர் அணையில் உள்ள 7.5 மெகாவாட் நிலையமும் திறன் அளவில் சிறு நீர்மின் வகையைச் சேர்ந்ததே.

மின்திறன் இரண்டு அளவுகளைப் பொறுத்தது. ஒன்று நொடிக்கு ஓடும் நீரின் அளவு, மற்றொன்று நீர் விழும் உயரம். நொடிக்கு 50 லிட்டர் நீர் 20 மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியே விழுந்து விசையாழியைச் சுழற்றினால், இழப்புகள் போக ஏறத்தாழ 6 கிலோவாட் கிடைக்கும். இது 100 வீடுகளுக்கு வீட்டுக்கு 60 வாட் வீதம் போதுமானது. இதற்குப் பெரிய அணை தேவையில்லை. ஒரு சிறு தடுப்பணை, கால்வாய், குழாய், இயந்திர அறை ஆகியவை போதும். எனினும் கோடையில் ஓடை வற்றினால் மின்சாரமும் நின்றுவிடும். மழைநீரை மண்ணில் இறங்கச் செய்து மெல்ல மெல்ல ஓடைக்குத் தருவது காடு. எனவே காட்டை அழித்து அமைக்கப்படும் நிலையம் தன் நீரையே இழக்கும்.

பொருந்தும் சட்டங்கள்

1882ஆம் ஆண்டின் வனச் சட்டம்: சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட இச்சட்டமே தமிழ்நாடு வனச் சட்டமாக இன்றும் நடைமுறையில் உள்ளது. காப்புக்காடுகள் இதன்படியே அறிவிக்கப்படுகின்றன. அறிவிப்புக்கு முன் பாதை, மேய்ச்சல், வனப்பொருள், நீரோடை ஆகியவற்றின் மீதான உரிமைகளைக் கோர வேண்டும். உரிய காலத்தில் கோராதவர்கள் அவற்றை இழக்க நேரும். எழுத்தறிவும் போக்குவரத்தும் இல்லாத மலையூர் மக்களுக்கு இவ்விதி எளிதானதாக இருக்கவில்லை.

1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம்: வன நிலத்தை வேறு பணிக்குப் பயன்படுத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. கூடலூரைச் சார்ந்த கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், யாருடைய உடைமையாக இருந்தாலும் காடு என்னும் சொல்லின் அகராதிப் பொருளுக்குள் வரும் நிலத்துக்கும் இச்சட்டம் பொருந்தும் என்றது.

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம்: அரசு அறிவிக்கும் ஊரகப் பகுதிகளில் மின் உற்பத்தி செய்து வழங்குவோருக்கு உரிமம் தேவையில்லை என 14ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் இவ்விலக்கு வன அனுமதிக்குப் பொருந்தாது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்: 2007 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. பள்ளி, அங்கன்வாடி, சாலை, குடிநீர்க் குழாய் உள்ளிட்ட 13 பொது வசதிகளுக்கு வன நிலம் வழங்க இதன் 3(2) பிரிவு வழி செய்கிறது. மரபுசாரா எரிசக்தியும் அவற்றுள் ஒன்று. இதற்கான நிபந்தனைகள்:

1. ஒவ்வொரு பணிக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும்.
2. வெட்டப்படும் மரங்கள் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது.
3. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும்.
4. வசதி அரசால் நிர்வகிக்கப்படுவதாக இருக்க வேண்டும்.

நான்காவது நிபந்தனை கவனிக்கத்தக்கது. தனியார் நிறுவனம் இவ்வழியைப் பயன்படுத்த முடியாது. அது 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே அனுமதி பெற வேண்டும்.

கிராம சபையின் இடம்

தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லை. அதனால் பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டின் ஊராட்சி விரிவாக்கச் சட்டம் ஜவ்வாது மலைக்குப் பொருந்தாது. இங்கு வனம் குறித்துக் கிராம சபைக்கு உள்ள அதிகாரத்தின் முதன்மை ஆதாரம் 2006ஆம் ஆண்டுச் சட்டமே. தமிழ்நாட்டில் இதன்படி உரிமைப் பட்டா வழங்குவது சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் தடைப்பட்டிருந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. ஒடிசாவின் நியம்கிரி மலை வழக்கில் 2013 ஏப்ரல் 18 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, மலைவாழ் மக்களின் உரிமைகளைக் கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்றது.

உரிமையோடு கடமையும் உண்டு. நீர்பிடிப்புப் பகுதிகளையும் நீர் ஆதாரங்களையும் பாதுகாக்கும் பொறுப்பைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு கிராம சபைக்கும் வன உரிமை பெற்றோருக்கும் அளிக்கிறது. மலை ஓடையின் நீரே ஆற்றில் சேர்ந்து ஆரணிப் பகுதியின் வயலுக்கும் கிணற்றுக்கும் செல்கிறது. விசையாழியைச் சுழற்றிய நீர் மீண்டும் ஓடையில் விடப்பட்டால் கீழேயுள்ளோருக்கு இழப்பு இல்லை. தடுப்பணைக்கும் இயந்திர அறைக்கும் இடைப்பட்ட பகுதியில் ஓடை வறண்டு போகாதவாறு ஓரளவு நீரை எப்போதும் விட்டுவைப்பது அவசியம். இவ்விரண்டையும் கிராம சபை தன் தீர்மானத்திலேயே எழுதி வைப்பது பின்னாளில் எழும் தகராறுகளைத் தவிர்க்க உதவும்.