உங்களுக்குத் தெரியுமா? பவுடர் தோலோடு நிற்பதில்லை!

1972-இல் பிரான்சில் ‘மொராஞ்ஜ்’ என்ற குழந்தைப் பவுடரைப் பூசியதால் 36 குழந்தைகள் இறந்தார்கள். தயாரிப்பில் நேர்ந்த தவறால், ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி அதில் 6 சதவீத அளவுக்குக் கலந்துவிட்டது. தோல் வழியே ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கியது. எத்தனை கொடுமை! ஈரத்துணி பட்டுப் புண்ணான தொடையிடுக்கில்தான் பவுடரை அள்ளிப் போடுவோம். ரசாயனம் எளிதில் உள்ளே இறங்குவதும் அங்கேதான். எடையோடு ஒப்பிட்டால் சிசுவின் தோல்பரப்பு பெரியவர்களைவிட மிக அதிகம் என்பதால், கொஞ்சம் பூசினாலும் அந்தச் சின்ன உடலுக்கு அது பெரிய அளவு. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கா, ஒரு பொருளில் ஹெக்சாகுளோரோஃபீன் 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதை வாங்க மருத்துவர் சீட்டு கட்டாயம் என்றது. தாய்மார்களே, பச்சிளம் குழந்தையைக் குளிப்பாட்டியதும் மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள்; பவுடர் வேண்டவே வேண்டாம்.