ஐம்பது வயதுக் கார்: வாங்கும் முன் எஞ்சின் நம்பரைப் பாருங்கள்

அம்பாசிடர் மார்க் 3 சந்தைக்கு வந்தது 1975-இல். 1976-இல் பதிவானவற்றுக்கு இந்த ஆண்டு, வின்டேஜ் பதிவுக்கு வேண்டிய ஐம்பது வயது நிறைகிறது. ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் இருந்து வாசகர்கள் எழுதும் கடிதங்கள் இதனால்தான் கூடியிருக்கின்றன. பாதிப் பேர் கேட்பது 90 நாள் கெடுவைப் பற்றி.

அந்தக் கெடு, ஏற்கெனவே வின்டேஜாகப் பதிவான வண்டி கைமாறும்போது மட்டும் பொருந்தும். விற்றவரும் வாங்கியவரும் 90 நாளுக்குள் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சாதாரண ஆர்.சி. உள்ள பழைய காரை வாங்கினால், வயது எத்தனை ஆனாலும் பழைய சட்டம்தான்: அதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவருக்கு 14 நாள், வாங்கியவருக்கு 30 நாள். இரண்டையும் குழப்பிக்கொண்டு மூன்று மாதம் சும்மா இருந்துவிடாதீர்கள்.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவுத் தேதியிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, அசல் வடிவில் உள்ள இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் வின்டேஜ். பழைய வாகனங்களின் பாரம்பரியத்தைக் காப்பதே நோக்கம் என்றது அமைச்சகம். எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. பழங்கார் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவாவுக்கு முப்பது ஆண்டே போதும். நம் விதியில் கான்டெசாவுக்கு இடமில்லை. 1980-களின் பத்மினிக்கும் இல்லை. இன்று காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருப்பவை அவைதான். 2025 ஆகஸ்டிலிருந்து, இருபது வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கவே 10,000 ரூபாய்.

வின்டேஜ் பதிவுக்குக் கட்டணம் 20,000, பத்தாண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000. பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கும் விட முடியாது.

என்னை உறுத்துவது ‘அசல் வடிவம்’ என்ற நிபந்தனை. சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருந்தால் அது பெரிய மாற்றமாகக் கருதப்படும். வண்டி வின்டேஜ் ஆகாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் பழைய வண்டிகள் எப்படிப் பிழைத்தன என்று யோசியுங்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு டாட்ஜையும் பிளிமத்தையும் பெட்ரோலில் ஓட்டிக் கட்டுப்படியாகவில்லை. பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை இறக்கி ஓட்டினார்கள். அசல் பாகம் கிடைக்காதபோது அம்பாசிடர் எஞ்சினும் கியர்பாக்ஸும் பல வெளிநாட்டு வண்டிகளுக்குள் புகுந்தன. அப்படிச் செய்யாதிருந்தால் அவற்றில் பல அப்போதே உருக்குவதற்குப் போயிருக்கும். எந்த வைத்தியம் வண்டியைக் காப்பாற்றியதோ, அதையே விதி குற்றமாகப் பார்க்கிறது.

இதைவிட மோசமானது அடுத்த படி. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஏ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. இரண்டு உரிமையாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒழுங்காகப் போய் டீசல் எஞ்சினைப் பதிந்துவிட்டார். இன்னொருவர் சொல்லவே இல்லை. இன்று முதலாமவரின் ஆர்.சி.யே அவருக்கு எதிரான சாட்சி. இரண்டாமவரின் ஆர்.சி.யில் பழைய பெட்ரோல் எஞ்சின் நம்பர் அப்படியே நிற்கிறது. அதே மாடல் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் நம்பரை அரைத்துவிட்டு ஆர்.சி. நம்பரைப் பஞ்ச் செய்தால் காகிதத்தில் அது அசல் வண்டி. சட்டத்தை மதித்தவர் வெளியே, மறைத்தவர் உள்ளே. முதலாமவர் அசல் எஞ்சினைத் தேடித் திரும்பப் பொருத்தினால் ஏற்பார்களா என்பதற்கு விதியின் வரையறையில் நேரான பதில் இல்லை.

ஏமாற்றத் தூண்டும் பணக்கணக்கும் இருக்கிறது. இருபது வயது தாண்டிய இறக்குமதிக் காரின் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்க 80,000 ரூபாய், அதுவும் ஐந்தாண்டுக்கு. வின்டேஜ் ஆகிவிட்டால் பத்தாண்டுக்கே 20,000.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சேசிஸ், எஞ்சின் நம்பர்களை நீங்களே பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். எழுத்துகளின் ஆழம் ஒன்றுபோல இருக்கிறதா, சுற்றிலும் அரைத்த தடம் தெரிகிறதா, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதா என்று பாருங்கள். ஆர்.சி. நகலை நம்பாமல் ஆர்.டி.ஏ. பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். இதில் தெலங்கானாவுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. விண்ணப்பத்தை மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் போடச் சொல்கிறது விதி; தெலங்கானாவோ பல ஆண்டுகள் வாஹன் என்ற மத்தியப் பதிவுக் கட்டமைப்பில் சேராமல் தனி மென்பொருளில் இயங்கிய மாநிலம். ஐம்பது ஆண்டு முந்தைய பதிவு கணினியில் ஏறியிருக்கிறதா என்பதை முதல் வேலையாகக் கேளுங்கள்.

மற்ற கேள்விகள்:

ஆர்.சி. தொலைந்த கார் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? பதிவேட்டில் பதிவைக் கண்டுபிடித்த பிறகு மட்டும். இல்லையேல் நீங்கள் வாங்குவது உதிரிபாகம்.

‘நிஜாம் வீட்டு வண்டி’ என்கிறார்களே? சௌமஹல்லா அரண்மனையில் நிற்கும் ரோல்ஸ்-ராய்ஸை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்துக் கதை கட்டுவது எளிது; விற்பவரிடம் முதல் உரிமையாளர் பெயருள்ள பழைய பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள்.

அரசு அலுவலகத்தில் ஓடிய அம்பாசிடர்? 2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்து வயது கடந்த அரசு வண்டிகளின் பதிவு செல்லாது, புதுப்பிக்கவும் முடியாது.

எங்கே தேடுவது? ராணிகஞ்ச் உதிரிபாகக் கடைகளிலும், பழைய கார்புரேட்டரைக் கழற்றத் தெரிந்த மெக்கானிக்குகளிடமும். சென்னையில் என்றால் புதுப்பேட்டை.

டெல்லியின் வயதுத் தடை ஹைதராபாத்தில் உண்டா? இல்லை.

சென்னைக்குக் கொண்டுவர? ஹைதராபாத் ஆர்.டி.ஏ.விடம் என்.ஓ.சி. வாங்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.