திருப்பதி பாதயாத்திரை: செல்போனில் நகரும் புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

சித்தூர்/திருப்பதி: வேலூரிலிருந்து சித்தூர் வழியாகவும், சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகவும் திருப்பதிக்கு நடந்து செல்லும் பக்தர்களை அவர்களது குடும்பத்தினர் இப்போது செல்போன் வரைபடத்திலேயே பின்தொடர முடிகிறது. திரையில் புள்ளி நகர்ந்தால் வீட்டில் நிம்மதி, நின்றுவிட்டால் பதற்றம். ஆனால், அந்தப் புள்ளி காட்டுவது ஒரு கருவி கடைசியாக அனுப்பிய தகவலை மட்டுமே. கருவியும் பயணியும் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளைக் கொண்டு பின்தொடரும்போதும் இதை நினைவில் கொள்வது அவசியம்.

இடத்தை அறிவது வேறு, தெரிவிப்பது வேறு

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைப் பெற்று, அவை வந்து சேர்ந்த நேர வேறுபாட்டைக் கொண்டு செல்போன் தனது இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. இதற்கு செல்போன் டவரோ இணையமோ தேவையில்லை. திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் துல்லியம் கிடைக்கும். அடர்ந்த மரங்கள், உயரமான கட்டடங்கள், பாறைச் சரிவுகள் அருகே பிழை அதிகரிக்கும்.

கணக்கிட்ட இருப்பிடத்தை வீட்டுக்கு அனுப்புவதற்குத்தான் மொபைல் இணையம் தேவை. சேஷாசலம் மலைப்பகுதியில் சிக்னல் இல்லாத இடத்தில் நடப்பவரின் செல்போனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியும். ஆனால் வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. திரையில் பழைய புள்ளி அப்படியே நின்றுகொண்டிருக்கும். எனவே, புள்ளி இருக்கும் இடத்தை விட, அது எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற நேரத்தை முதலில் பார்க்க வேண்டும்.

அருகிலேயே ஏவப்படும் செயற்கைக்கோள்கள்

இருப்பிடம் அறிய இந்தியாவுக்கென உள்ள அமைப்பு நாவிக். அதன் முதல் செயற்கைக்கோளான ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ, 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2022ஆம் ஆண்டு மாவட்ட மறுசீரமைப்புக்குப் பின் ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01, சாதாரண செல்போன்களுக்கும் ஏற்ற எல்1 அலைவரிசையைக் கொண்டது. 2025 ஜனவரி 29 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவின் 100ஆவது ஏவுதலாக அனுப்பப்பட்ட என்விஎஸ்-02, திட்டமிட்ட சுற்றுப்பாதையை எட்டவில்லை. ஜிபிஎஸ், நாவிக் உள்ளிட்ட பல அமைப்புகளின் சமிக்ஞைகளைப் பெறும் கருவிக்கு மலைப்பகுதியில் இருப்பிடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல்.

புள்ளி ஏமாற்றும் மூன்று இடங்கள்

முதலாவது, அலிபிரி. இங்கிருந்து சுமார் 3,550 படிகள் ஏறித் திருமலைக்கு நடப்பவர்களின் உடைமைகளைத் தேவஸ்தானம் இலவசமாக வாகனத்தில் மேலே கொண்டு சேர்க்கிறது. டிராக்கர் அந்தப் பைக்குள் இருந்தால், பக்தர் படியேறிக்கொண்டிருக்கும்போதே புள்ளி மலைச்சாலை வழியாகத் திருமலையை அடைந்துவிடும். அவர் நல்லபடியாகச் சேர்ந்துவிட்டார் என்று வீட்டில் நினைக்கக்கூடும்.

இரண்டாவது, தரிசன வரிசை. ஏழுமலையான் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. கவுன்ட்டரில் ஒப்படைத்த செல்போன், தரிசனம் முடியும் வரை பல மணி நேரம் ஒரே இடத்தில் இருக்கும். புள்ளி நின்றுவிட்டதற்கு இங்கே ஆபத்து காரணமல்ல.

மூன்றாவது, வனப்பாதை. 2023 ஆகஸ்ட் 11 இரவு, அலிபிரி நடைபாதையில் குடும்பத்துடன் சென்ற 6 வயது சிறுமி சிறுத்தை தாக்கி உயிரிழந்தார். இதையடுத்து, 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் நடைபாதையில் அனுமதிப்பதில்லை என்ற கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. எந்த டிராக்கரும் வனவிலங்கைத் தடுக்காது. குழந்தையின் கையில் கருவி கட்டியிருப்பது, அக்குழந்தையைத் தனியே முன்னால் நடக்கவிடுவதற்கான காரணமாகிவிடக் கூடாது.

ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் ஏன்?

ஒரே பலவீனம் கொண்ட இரண்டு கருவிகளை வைத்திருப்பதால் பயன் குறைவு. ஒரே நிறுவனத்தின் சிம் உள்ள இரு செல்போன்களும் ஒரே இடத்தில் சிக்னலை இழக்கும். வெவ்வேறு நிறுவனங்களின் சிம், தனித்தனி பேட்டரி, தனித்தனி இடம் என்று பிரித்து வைப்பதே பாதுகாப்பு. ஒரு கருவி உடலிலும் மற்றொன்று பையிலும் இருந்தால், எது எங்கே உள்ளது என்பதை வீட்டில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் நேரலை இருப்பிடப் பகிர்வுக்கு 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்ற கால வரம்புகள் உண்டு. நேரம் முடிந்ததும் புள்ளி மறைவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆப்பிள் ஏர்டேக் போன்ற சிறு கருவிகளில் ஜிபிஎஸ் இல்லை. அருகில் செல்லும் மற்றவர்களின் ஐபோன்கள் வழியாகவே அவை இடத்தைத் தெரிவிக்கின்றன. கூட்டம் மிகுந்த பேருந்து நிலையத்தில் அவை பயன்படும். ஆளில்லா சாலையில் பயன்படாது.

பேருந்துகளில் உள்ள கருவி

2022 மார்ச் 26 இரவு, பாகராபேட்டை அருகே திருப்பதி செல்லும் மலைப்பாதையில், நிச்சயதார்த்தத்துக்குச் சென்றவர்களின் தனியார் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்ததில் 7 பேருக்கு மேல் உயிரிழந்தனர். இருள் மீட்புப் பணியைக் கடினமாக்கியது. இத்தகைய தருணங்களில் வாகனத்தின் சரியான இருப்பிடம் உடனே தெரிவது உயிர் காக்கும்.

இதற்காகவே, 2019 ஜனவரி 1 முதல் பதிவு செய்யப்படும் பொதுப் பயணிகள் வாகனங்களில் ஏஐஎஸ்-140 தரத்திலான இருப்பிடக் கருவியும் அவசர உதவிப் பொத்தானும் கட்டாயமாக்கப்பட்டன. இருசக்கர வாகனங்கள், ஆட்டோக்கள், இ-ரிக்‌ஷாக்களுக்கு விலக்கு உண்டு. வாகன மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் குறைந்தது 4 மணி நேரம் இயங்கும் பேட்டரி, சிக்னல் இல்லாதபோது 40,000 இருப்பிடப் பதிவுகள் வரை சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பும் வசதி ஆகியவற்றை இந்தத் தரம் கோருகிறது. பேருந்தில் ஏறியதும் அவசரப் பொத்தான் எங்கே உள்ளது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சட்டம் சொல்வது என்ன?

சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை வெளிநாட்டு மலையேற்றப் பயணிகள் பயன்படுத்துகின்றனர். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் முன்அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது குற்றம். இத்தகைய கருவிகளுடன் வந்த வெளிநாட்டவர் சிலர் விமான நிலையங்களில் பிடிபட்டு வழக்குகளைச் சந்தித்துள்ளனர். வெளிநாட்டிலிருந்து திருப்பதிக்கு வரும் உறவினர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பயணியின் சம்மதமும் முக்கியம். பெண்ணின் மின்னணுத் தொடர்புகளை ரகசியமாகக் கண்காணிப்பது, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவின்படி குற்றமாகும். அறிமுகமற்ற டிராக்கர் ஒன்று உடன் பயணித்தால், ஆண்ட்ராய்டு போன்களும் ஐபோன்களும் எச்சரிக்கை விடுக்கின்றன.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

புறப்படும் முன்பே வழித்தடம், இரவு தங்கும் ஊர், தினமும் தொலைபேசியில் பேசும் நேரம் ஆகியவற்றைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். பயணி கருவியை ஒப்படைக்கும் முன் ஒரு வரி செய்தி அனுப்பினால் பாதிக் குழப்பம் தீரும். உடன் நடக்கும் ஒருவரது எண்ணும் வீட்டில் இருக்க வேண்டும்.

புள்ளி நின்றுவிட்டால் முதலில் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரத்தையும், தெரிந்தால் பேட்டரி அளவையும் பார்க்க வேண்டும். அடுத்து இரண்டாவது கருவியைச் சரிபார்த்து, உடன் சென்றவரை அழைக்க வேண்டும். பேசுவதாகச் சொன்ன நேரம் கடந்தும் எவரையும் தொடர்புகொள்ள முடியாவிட்டால், தாமதிக்காமல் 112 அவசர உதவி எண்ணை அழைத்து, கடைசியாகப் பதிவான இடம், நேரம், பயணி அணிந்திருந்த உடை ஆகிய விவரங்களைத் தெரிவிக்க வேண்டும். தேடுதல் பணி தொடங்குவதற்கு இந்த மூன்று தகவல்களும் பெரிதும் உதவும்.