வாணவேடிக்கையைப் படம் பிடித்தல்

வானில் ஏறிய வாணம் வெடித்து, மலர்ந்து, மறைவதற்குச் சில வினாடிகளே ஆகின்றன. அக்காட்சியைப் படமாக்க விரும்புவோர் பலர். ஆயினும் அவர்கள் கொண்டுவரும் படங்களுள் பெரும்பாலானவை, கரிய பின்னணியில் வெளுத்த திட்டுகளாகவே அமைந்துவிடுகின்றன. கண் கண்ட சிவப்பும் பச்சையும் படத்தில் இருப்பதில்லை. இதற்குக் காமிராவின் விலையோ தரமோ காரணமன்று. பகலில் மனிதரையும் மரங்களையும் படம் பிடிக்கும் முறையையே இரவு வானத்திற்கும் கையாள்வதே காரணமாகும்.

கேரளத்தில் திருச்சூர்ப் பூரத்தையொட்டித் தேக்கின்காடு மைதானத்தில் நடைபெறும் வெடிக்கெட்டை உதாரணமாகக் கொள்ளலாம். மேட மாதத்தில், திருவம்பாடி, பாறமேக்காவு என்னும் இரு தரப்பாரும் பின்னிரவில் போட்டியிட்டு வாணம் விடுவது அங்கு வழக்கம். மைதானத்தைச் சுற்றிய சாலையில் மணிகண்டனால், நடுவிலால், நாய்க்கனால் ஆகிய மூன்று இடங்களில் மின்விளக்குகளால் ஒளிரும் உயர்ந்த பந்தல்கள் நிற்கும். ஆகவே காமிராவின் முன் இருவகை ஒளி உண்டு. பந்தலின் ஒளி நிலைத்து நிற்பது. வாணத்தின் ஒளி ஓடுவது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவருக்குப் பாதி வேலை முடிந்ததெனலாம்.

நிலைத்த ஒளி, லென்ஸ் திறந்திருக்கும் நேரம் முழுவதும் படத்தில் ஒரே இடத்தில் விழுந்து சேர்கிறது. நேரத்தை இரட்டித்தால் பந்தலின் ஒளியும் இரு மடங்காகும். வாணக் குண்டிலிருந்து சிதறும் மருந்துருண்டையோ ஓடிக்கொண்டே எரிகிறது. படத்தில் ஓர் இடத்தை அது கடந்து செல்வது இமைப்பொழுதில் முடிந்துவிடும். அதன்பின் லென்ஸ் எத்தனை வினாடி திறந்திருந்தாலும் அவ்விடத்தில் அதன் ஒளி மேலும் கூடுவதில்லை, கோடுதான் நீளும். எனவே கோட்டின் ஒளிர்வை நிர்ணயிப்பவை லென்ஸ் துவாரமும் ஐ.எஸ்.ஓ. எண்ணுமே. நேரம் நிர்ணயிப்பது கோடுகளின் நீளத்தையும், ஒரு படத்தில் எத்தனை மலர்கள் விழும் என்பதையும், பந்தலும் வானமும் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதையுமே.

ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, துவாரத்தை எஃப்/8 முதல் எஃப்/11 வரை அமைத்துத் தொடங்குவது அனுபவத்தில் சரியாக வருகிறது. முதல் இரண்டு படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கோடுகளின் நடுவே நிறம் போய் வெளுத்திருந்தால் துவாரத்தை எஃப்/16க்குச் சுருக்குக. நேரத்தைக் குறைப்பதால் இக்குறை தீராது. பலர் இங்கேதான் தடுமாறுகின்றனர்.

நேரத்தை இரண்டு முதல் எட்டு வினாடி வரை வைக்கலாம். அதனினும் நல்லது ‘பி’ என்னும் நிலை. குண்டு மேலெழும் சீறல் கேட்டவுடன் திறந்து, மலர் உதிர்ந்ததும் மூடினால், ஏறிய தடமும் விரிந்த மலரும் ஒரே படத்தில் முழுமையாக அமையும். கருவியில் கை படாதிருக்கக் கம்பி விசையோ தொலைவிசையோ தேவை. இரண்டு மூன்று மலர்களை ஒரே படத்தில் சேர்க்க விரும்புவோர், இடைநேரத்தில் லென்ஸின் முன்னே ஒரு கறுப்பு அட்டையைத் தொடாமல் பிடித்து மறைப்பர். பிலிம் காலத்துப் பழைய உபாயமெனினும் இன்றும் இதற்கு மிஞ்சியது இல்லை.

திருச்சூரில் கூட்டப்பொரிச்சில் எனப்படும் இறுதிக் கட்டம் தனிக் கவனம் வேண்டுவது. நூற்றுக்கணக்கான வெடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெடிக்கையில் கோடுகள் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழுகின்றன. புகையும் விளக்குப் போல ஒளிர்கிறது. அப்பொழுது ஓடும் ஒளியும் நிலைத்த ஒளிபோலச் சேர்ந்துவிடுமாதலால், துவாரத்தைச் சுருக்குவதோடு நேரத்தையும் ஒன்று, இரண்டு வினாடியாகக் குறைக்க வேண்டும். விடியல் நெருங்கினாலும் அவ்வாறே. 2024 ஏப்ரலில் வெடிக்கெட்டு தாமதமாகி, பொழுது விடிந்த பிறகே நடந்தது. அத்தகைய வெளிச்சத்தில் நீண்ட நேரத் திறப்பு முற்றிலும் பயன்படாது.

இருட்டில் தானியங்கிக் குவிப்பு தடுமாறும். தொலைவிலுள்ள ஒரு தெருவிளக்கைக் கொண்டு குவித்து, பின்பு கைமுறைக்கு மாற்றி, அந்த வளையத்தைத் தொடாதிருக்க வேண்டும். முக்காலி இன்றியமையாதது. முக்காலியில் ஏற்றியபின் அதிர்வுத் தடுப்பை நிறுத்திவிடலாம். மின்வெட்டொளி விளக்கு வானத்தை எட்டாது. அருகிலுள்ள புகையையும் மனிதர் தலைகளையுமே காட்டும். நீண்ட திறப்புக்குப்பின் புள்ளிகளைக் களையும் வசதி சில காமிராக்களில் உண்டு. அது எட்டு வினாடிப் படத்திற்குப்பின் மேலும் எட்டு வினாடி கருவியை முடக்கிவைக்குமாதலால், அதனையும் நிறுத்துவதே நன்று. நிறச் சமநிலையைச் சூரிய ஒளிக்குரியதாக நிலைநிறுத்தினால் படத்துக்குப் படம் நிறம் மாறாது. கைப்பேசியில் படம் பிடிப்போருக்குத் துவாரத்தைச் சுருக்கும் வாய்ப்புப் பெரும்பாலும் இல்லை, அவர்கள் ஐ.எஸ்.ஓ. எண்ணை மிகக் குறைவாக வைத்து, கைப்பேசியை அசையாமல் நிறுத்துவதே செய்யக்கூடியது.

நிற்கும் இடத்தைக் காற்றே தீர்மானிக்கிறது. காற்று முதுகுப்புறமிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வீச வேண்டும். எதிரேயிருந்து வீசினால் புகை முழுதும் காமிராவை நோக்கி வரும். முதற் சில நிமிடங்களிலேயே வானம் தெளிவாக இருக்கும்.

நல்ல கோணத்தை நாடித் தடுப்பு வேலியைக் கடப்பது எக்காரணத்தாலும் கூடாது. 2016 ஏப்ரல் 10 அன்று விடியற்காலையில், கொல்லம் மாவட்டம் பரவூரிலுள்ள புற்றிங்கல் கோவிலில், வெடிகள் வைத்திருந்த கட்டடத்தில் தீப்பற்றி நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டடத்தின் காங்கிரீட்டுத் துண்டுகள் பறந்து சென்று, அப்பால் நின்றோரையும் தாக்கின. ஆபத்து வானத்து வாணத்தில் மட்டுமன்று, தரையிலுள்ள கிடங்கிலும் உண்டு. கள அலுவலர் முக்காலியை ஊன்றுமுன் கிடங்கு எத்திசையில், எவ்வளவு தொலைவில் உள்ளது, வெளியேறும் வழி எது என்று விசாரித்து அறிவது கடமையாகும். நெடுநோக்கு லென்ஸ் இருக்க அருகே செல்வானேன்?

நிறங்களின் இயல்பை அறிந்தால் துவாரத்தைத் தேர்வது எளிதாகும். சிவப்பு ஸ்ட்ரான்ஷியத்தாலும், பச்சை பேரியத்தாலும், மஞ்சள் சோடியத்தாலும், நீலம் தாமிரத்தாலும் உண்டாவன. அலுமினியம், மக்னீசியம் ஆகியவற்றின் தூள் வெண்ணொளி தரும். கரித்தூளும் இரும்புத்தூளும் பொன்னிறப் பொறிகளைத் தரும். பட்டாசில் பேரிய உப்புகள் சேர்ப்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23ஆம் தேதித் தீர்ப்பில் தடை செய்தது. இந்நிறங்களுள் நீலமே மங்கலானது. அதனைத் தரும் தாமிரக் குளோரைடு மூலக்கூறு மிகுந்த வெப்பத்தில் சிதைந்துவிடுவதால், நீலச் சுவாலையை அதிகம் சூடாக்க இயலாது. வெள்ளை வாணத்திற்கு எஃப்/16 தேவைப்பட்டால் நீலத்திற்கு எஃப்/8 வேண்டியிருக்கும்.

ஆசிரியர்களுக்கு இப்படங்கள் நல்ல பாடக் கருவிகள். மலர் விரியும் கணத்திற்கும் ஓசை வந்தடையும் கணத்திற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டு, வினாடிக்கு 345 மீட்டர் வீதம் பெருக்கினால் வாணத்தின் தொலைவு கிடைக்கும். பக்கத்திலேயே கைப்பேசியில் சலனப் படமும் எடுத்தால் நேரத்தைத் திருத்தமாக அறியலாம். இடைநேரம் 2 வினாடியாயின் தொலைவு 690 மீட்டர். 50 மில்லிமீட்டர் லென்ஸும் 36 மில்லிமீட்டர் அகலமுள்ள படத்தளமும் கொண்ட காமிராவில், மலர் படத்தின் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு இருந்தால், தளத்தில் அதன் அளவு 9 மில்லிமீட்டர். 9ஐ 50ஆல் வகுத்து 690ஆல் பெருக்கினால், மலரின் விட்டம் ஏறக்குறைய 124 மீட்டர் என்பது தெரியும். கோடுகள் முனையில் கீழ்நோக்கி வளைந்திருப்பதைக் காட்டிப் புவியீர்ப்பையும் விளக்கலாம்.

ஆவணமாகச் சேர்க்கும் படத்திற்கு ஒரு நிபந்தனை உண்டு. எட்டு வினாடிப் படத்தில் காணும் நான்கு மலர்கள் வானில் ஒரே கணத்தில் இருந்தவையல்ல. அதனைக் கண்டவர், அனுமதித்ததைவிட அதிகமான வெடிகள் ஒருங்கே வெடித்தன என்று தவறாக எண்ணக்கூடும். விசாரணைகளில் இது சிறு விஷயமன்று. ஆகவே தேதி, மணி, நின்ற இடம், லென்ஸ், துவாரம், ஐ.எஸ்.ஓ., திறந்திருந்த வினாடிகள், அட்டையால் மறைத்ததுண்டா என்ற விவரம் ஆகியவற்றைப் படத்தோடு எழுதிவைக்க வேண்டும். கருவி தானே பதிவு செய்யும் குறிப்புகளில் அட்டையைப் பற்றிய செய்தி இராது. அதை அங்கேயே கையால் குறித்துக்கொள்வதே வழி.