மூன்று பிள்ளைகளுக்கும் இடமுள்ள கார்: பணம் கட்டும் முன் அளந்து பாருங்கள்



வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் வாப்பாவை அழைத்துவர, வள்ளியூரிலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கார்கள் புறப்படுவது நமக்குப் பழகிய காட்சி. கைக்குழந்தை உம்மாவின் மடியில் இருக்கும். நடுப்பிள்ளை முன் இருக்கைகளுக்கு இடையில் நின்றுகொண்டு வரும். மூத்தது ஜன்னலோரம், பெல்ட் போடாமல். இதே குடும்பம் துபாயில் இருந்தால் இப்படிக் காரை எடுக்காது. அங்கே நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்குத் தனி குழந்தை இருக்கை கட்டாயம். மீறினால் 400 திர்ஹம் அபராதம்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய காரியம் அல்ல இது.

மடி ஏன் போதாது?

50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், 10 கிலோ குழந்தை ஏறக்குறைய 200 கிலோ எடையின் விசையோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. நாங்குநேரிக்கும் காவல்கிணறுக்கும் இடையே நான்குவழிச் சாலையில் நாம் போகும் வேகம் இதைவிட அதிகம். குழந்தை இருக்கையைச் சரியாகப் பயன்படுத்தினால் விபத்தில் குழந்தைகள் இறப்பது 60 விழுக்காடு வரை குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதுதான் தவக்குல் என்பது நாம் சிறு வயதிலேயே கேட்ட பாடம்.

எந்த வயதுக்கு எந்த இருக்கை?

கைக்குழந்தைக்குக் காரின் பின்பக்கம் பார்த்திருக்கும் இருக்கை. குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் உட்கார வேண்டும். இன்னும் கூடுதல் காலம் வைத்தால் நல்லது. அடுத்து, சுமார் 18 கிலோ வரை, தோளிலும் இடுப்பிலும் வார் பூட்டும் முன்நோக்கிய இருக்கை. அதன்பின் பூஸ்டர் சீட். இது பிள்ளையைச் சற்று உயர்த்தி, காரின் பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளிலும், வயிற்றை அழுத்தாமல் இடுப்பெலும்பிலும் படும்படி செய்யும். பிள்ளை ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பூஸ்டர் தேவைப்படும். ஆக, எட்டு மாதம், மூன்று வயது, ஏழு வயது என்று மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மூன்று இருக்கைகளும் ஒரே நேரத்தில் வேண்டும்.

நீளமான கார் அகலமான கார் அல்ல

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். குழந்தை இருக்கை ஒன்று பொதுவாக 44 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க 132 சென்டிமீட்டர் வேண்டும். அதுவும் கதவின் கைப்பிடிகளுக்கு இடையே உள்ள இடத்தில். ஏழு பேர் உட்காரும் மாருதி எர்டிகாவின் வெளி அகலம் 1,735 மில்லிமீட்டர். சிறிய ஸ்விஃப்ட்டின் அகலமும் அதே 1,735தான். அதாவது எர்டிகாவில் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது அகலம் அல்ல, மூன்றாவது வரிசை.

ஆகவே வழி இரண்டு. ஒன்று, மூன்று பிள்ளைகளையும் நடுவரிசையில் வைப்பது. இதற்கு இன்னோவா கிரிஸ்டா போன்ற 1,830 மில்லிமீட்டர் அகலமுள்ள வண்டி ஏற்றது. அதிலும் எட்டுப் பேர் உட்காரும், நடுவரிசை ஒரே நீள இருக்கையாக உள்ள வகையைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் தனித்தனியாக இரண்டு இருக்கைகள் உள்ள வகையில் மூன்று இருக்கைகள் வைக்க முடியாது.

இரண்டாவது வழி, நடுவரிசையில் இருவர், பின்வரிசையில் ஒருவர். எர்டிகா, ரெனோ டிரைபர், கியா கேரன்ஸ் போன்றவற்றில் இதுவே நடைமுறைக்கு ஒத்துவரும். சிறிய இரண்டு பிள்ளைகளும் நடுவரிசையின் இரு ஓரங்களில் இருக்கட்டும். இருக்கையைக் காரின் சட்டத்தோடு நேரடியாகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான் இருக்கும். தானாக பெல்ட் போடத் தெரிந்த மூத்த பிள்ளைக்குப் பின்வரிசையில் பூஸ்டர். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: நடுவரிசையில் குழந்தை இருக்கையைப் பூட்டிவிட்டால் அந்தப் பக்க இருக்கையை மடக்கிப் பின்னால் ஏற முடியாது. மூத்த பிள்ளை எந்த வழியாக ஏறும், பெட்டிகள் எங்கே போகும் என்று வாங்கும் முன்பே ஏற்றிப் பாருங்கள்.

ஷோரூமில் பார்க்க வேண்டியவை

பிள்ளைகளையும், ஏற்கெனவே வைத்திருக்கும் இருக்கைகளையும், ஓர் இன்ச் டேப்பையும் கையோடு கொண்டு போங்கள். விற்பவர் "தாராளமா உட்காரலாம்" என்று சொல்வது பெரியவர்கள் மூன்று பேரைப் பற்றி. இருக்கைகளைப் பூட்டி, கதவை மூடிப் பாருங்கள். குழந்தை இருக்கையின் ஓரம் பக்கத்து பெல்ட் பூட்டை மறைத்தால் மூத்த பிள்ளையால் பெல்ட் போட முடியாது; கடைசியில் போடாமலே போகும்.

நடு இருக்கையின் பெல்ட்டைத் தனியாகப் பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அங்கே இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கும். பெரும்பாலான குழந்தை இருக்கைகளுக்கும் பூஸ்டருக்கும் தோளோடு சேர்ந்த மூன்றுமுனை பெல்ட் வேண்டும். பொலிரோ போன்ற வண்டிகளில் பின்னால் பக்கவாட்டில் எதிரெதிராக உள்ள இருக்கைகளில் குழந்தை இருக்கை பொருத்தவே கூடாது. ஏர்பேக் வேலை செய்யும் முன் இருக்கையில், பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகமே குழந்தையின் உயிரைப் பறித்துவிடும்.

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கு ஒரு மதிப்பெண், குழந்தைகளுக்குத் தனியாக ஒரு மதிப்பெண் தருகிறார்கள். குழந்தைகளுக்கு மொத்தம் 49. அதில் 12 மதிப்பெண் குழந்தை இருக்கைகளை எவ்வளவு சரியாகப் பொருத்த முடிகிறது என்பதற்கே. விளம்பரத்தில் வரும் நட்சத்திரத்தோடு நிற்காமல் இந்த எண்ணையும் கேளுங்கள்.

கையில் உள்ள பணத்துக்குள்

பெரிய கார் வேண்டும் என்பதற்காக வட்டிக் கடனுக்குள் போக வேண்டிய கட்டாயம் இல்லை. கைக்காசுக்கு நல்ல நிலையில் உள்ள பழைய ஏழு இருக்கை வண்டி போதும். பெல்ட்டுகள் இழுத்ததும் பிடிக்கின்றனவா, பெரிய விபத்தில் சிக்கிய வண்டியா என்று நம்பகமான மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். இருக்கிற காரிலேயே அகலம் குறைந்த இருக்கைகளைச் சேர்த்து மூன்றையும் அடக்க முடிகிறதா என்று முதலில் முயலுங்கள். சில வீடுகளில் ஒரு பூஸ்டரை மாற்றினாலே கார் மாற்றும் செலவு மிச்சமாகும்.

வளைகுடாவிலிருந்து வரும் உறவினரிடம் குழந்தை இருக்கை கேட்டு வாங்கலாம். அதில் வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் எண்ணும் உள்ள ஐரோப்பிய முத்திரை இருக்கிறதா, காலாவதி ஆண்டு தாண்டவில்லையா, முன்பு விபத்தில் சிக்கியதா என்று பாருங்கள். விபத்தில் இருந்த இருக்கை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

இருக்கையில் உட்கார்ந்ததும் குழந்தை முதல் சில நாள் அழும். மனம் இளகி மடிக்கு எடுத்துவிடாதீர்கள். ஊருக்குள் கடைவீதி வரை போகும்போதும் பழக்கினால், நாகர்கோவில் போகும் நாளில் தானாகவே ஏறி உட்காரும். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பயண துஆ ஓதுவதற்கு முன், மூன்று பெல்ட்டுகளும் பூட்டிய சத்தம் கேட்டதா என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.