படிப்பவருக்கே பணம் தரும் படிப்பு

“பிள்ளை பட்டம் வாங்கியாகிவிட்டது, இனி வேலைக்குப் போகட்டும்” என்று சொல்லாத வீடு நம்மிடையே குறைவு. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை சுமந்தும் படிக்க வைத்த பெற்றோர் அப்படி நினைப்பது இயற்கையே. ஆனால், அதற்கு மேலும் ஒரு படிப்பு உண்டு. மருத்துவ ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் பெறும் படிப்பு அது. அதற்குப் பெற்றோர் பணம் கட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. படிப்பவருக்கே மாதந்தோறும் பணம் தரும் வழிகள் இருக்கின்றன.

இந்த டாக்டர் ஊசி போடும் டாக்டர் அல்லர். நோய் எதனால் வருகிறது என்று ஆராய்ந்து சொல்பவர். அவரால் என்ன பயன்? நம் ஊர்ப் பக்கமே பார்ப்போம். 1998ஆம் ஆண்டு செப்டம்பரில், குனோங் ராபாட் அடங்கிய கிந்தா மாவட்டத்தில், பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் அடங்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங், இது புதிய கிருமி என்று கண்டறிந்தார். அதுவே நிப்பா வைரஸ். பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்பது தெளிவானதும், பத்து லட்சம் பன்றிகள் வரை அழிக்கப்பட்டு நோய் நின்றது. அதற்குள் 105 பேர் மாண்டுவிட்டனர். காரணம் தெரியாதவரை மருந்தும் காவலும் திசை மாறிப் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இத்தகைய ஆராய்ச்சியில் மாணவர் செய்வது உண்மையில் வேலைதான். ஆகவேதான் அதற்குப் பணம் தருகிறார்கள். நம் நாட்டில், பேராசிரியர் பெற்றுள்ள ஆய்வு நிதியிலிருந்து, ஆராய்ச்சி உதவியாளர் என்ற முறையில் மாணவருக்கு மாதப்படி கிடைப்பதுண்டு. சிங்கப்பூரில் ‘சிங்கா’ என்னும் உபகாரச் சம்பளம், வெளிநாட்டு மாணவருக்கு நான்காண்டுக் கல்விக் கட்டணத்தையும் மாதப்படியையும் தருகிறது. ஐரோப்பாவில் மரி கியூரி பெயரால் நடக்கும் திட்டம், எந்த நாட்டவரையும் ஊழியராகவே அமர்த்திச் சம்பளம் தருகிறது.

இதற்கு அடிப்படை என்ன? உயிரியல், வேதியியல், மருந்தியல் போன்ற துறையில் நல்ல தேர்ச்சியுடன் பெற்ற பட்டம் வேண்டும். கடைசி ஆண்டில் செய்யும் ஆய்வுப் பணியை நன்றாகச் செய்ய வேண்டும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்துக்கு அதுவே துணை. பிறகு, தமக்குப் பிடித்த துறையில் ஆராயும் பேராசிரியருக்குத் தாமே கடிதம் எழுதிக் கேட்கலாம். இதற்குச் சிபாரிசு தேட வேண்டியதில்லை.

ஒப்புக்கொள்ளுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் முழுவதும் அடங்குமா? மாதப்படி எத்தனை ஆண்டுக்கு? படிப்பு நீண்டால் என்ன ஆகும்? முடித்தபின் அங்கேயே வேலை செய்யும் ஒப்பந்தம் உண்டா?

மாதப்படி பெருந்தொகை அன்று. ஒருவர் சிக்கனமாக வாழப் போதும். வீட்டுக்கு அனுப்ப அதிகம் மிஞ்சாது. மூத்த பிள்ளையின் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே கலந்து பேச வேண்டும். தம்பி தங்கையின் படிப்புச் செலவுக்கு வழி பார்த்துக்கொண்டு அனுப்பலாம். ஆனால், “நமக்கெல்லாம் ஏது இந்தப் படிப்பு” என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைத் தடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.