கிணற்று நீரும் மின்விளக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாது ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் நீர் கொள்ளும் வழுக்கையாற்றை விட்டால், குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் நமக்குள்ள பெரிய ஆதாரம் கிணறுதான். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, சுன்னாகம், மல்லாகம் பகுதி முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தன. சொந்தக் கிணற்றை விட்டு வந்தவர்களுக்கு அங்கிருந்த கிணறுகளே கைகொடுத்தன. பின்னர் அப்பகுதிக் கிணறுகளிலேயே எண்ணெய் கலந்தது. மின்சாரம் தந்த இடத்திலிருந்தே அந்தக் கேடு வந்தது. நீர் வேறு, மின்சாரம் வேறு என்று நாம் எண்ணியிருக்க முடியாது என்பதை இது காட்டுகிறது.

நிலத்தின் கீழே

நம் தோட்டத்துச் செம்மண்ணின் கீழே இருப்பது சுண்ணக்கல். அதில் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைய உண்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை இவற்றினூடாக இறங்கிக் கீழே தங்குகின்றது. மணல் நிலத்தில் நீர் மெல்ல மெல்ல வடிகட்டப்படும். சுண்ணக்கல்லில் அப்படியல்ல, மேலே கொட்டியது விரைவாகவே கீழே போய்விடும். அங்கிருந்து பக்கத்துக் கிணறுகளுக்கும் பரவும். ஒருவர் வளவில் ஊற்றிய கழிவு இன்னொருவர் வாளியில் வருவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. நம் நன்னீர், கடலிலிருந்து வந்த உப்புநீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது நீரியலாளர் கணக்கு. அளவுக்கு மீறி இறைத்த கிணறுகள் உவராவதன் காரணம் இதுவே.

சுன்னாகத்தில் நடந்தது

1990 இல் மின்சாரம் நின்றபின் குடாநாட்டு மக்கள் ஜாம் போத்தல் விளக்கில் பல ஆண்டுகளைக் கழித்தனர். ஆகவே எண்ணெயில் இயங்கும் மின்நிலையங்கள் ஒளி தந்தபோது, கழிவு எண்ணெய் எங்கே போகிறது என்று கேட்டவர்கள் குறைவு. சில ஆண்டுகளில் கிணற்று நீரில் எண்ணெய்ப் படலமும் மணமும் தெரிந்தன. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளைச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் எண்ணெயும் கொழுப்பும் அனுமதித்த அளவைவிடக் கூடியிருந்தன. மக்கள் கிணற்றை விட்டு, பவுசரில் வந்த நீருக்காக வாளிகளோடு காத்து நின்றார்கள்.

வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ, ஆபத்தான எண்ணெய்ப் பொருட்கள் நீரில் இல்லை என்று 2015 இல் கூறியது. ஒரே கிணற்றடியில் நிற்கும் தாய் யாரை நம்புவாள்? மக்கள் தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றமும் சென்றார்கள். 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றக் கட்டளையால் தனியார் மின்நிலையம் ஒன்றின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி, அந்நிறுவனத்தின் செயற்பாடே நிலத்தடி நீரை மாசுபடுத்தியது எனக் கண்ட உயர் நீதிமன்றம், குடியிருப்பாளருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்ற நியதி இங்கே நிலைநாட்டப்பட்டது. ஆனால் பணம் கட்டுவதால் மட்டும் ஊற்று தெளிந்துவிடாது. வருமுன் காப்பதே வழி.

மாகாணத்தின் பொறுப்பு

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம், தேசிய மின்வலையமைப்புக்கு வழங்காத சிறு மின் உற்பத்தியையும், சட்டம் இடந்தரும் அளவில் சுற்றாடல் பாதுகாப்பையும் மாகாணங்களின் பட்டியலில் சேர்த்தது. 2013 இல் தெரிவான முதலாவது வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. சபை இல்லாத காலத்திலும் மாகாணத் திணைக்களங்களின் பொறுப்பு நின்றுவிடுவதில்லை. கிணறுகளை ஒழுங்காகச் சோதித்தல், முடிவை மக்கள் மொழியில் வெளியிடுதல், சூரிய ஒளியாலும் காற்றாலும் மின் பெறும் முயற்சிகளுக்குத் துணைநிற்றல் ஆகியவற்றை நாம் உரிமையோடு கேட்கலாம்.

பளைப் பகுதியில் காற்றாலைகள் சுழல்கின்றன. மன்னாரில் 100 மெகாவாற் காற்றாலைத் திட்டம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. இவற்றில் கழிவு எண்ணெய்க் குளம் இல்லை. எனினும் மழைநீர் வடியும் வழி மறிபடுகிறது என்று மன்னார் மக்கள் முறையிட்டதையும் மறக்கலாகாது. தூய மின்சாரமானாலும், அவ்வூர் மக்களைக் கேட்டே அமைக்கப்படவேண்டும்.

சூரிய சக்தியும் அளவோடு

மண்ணெண்ணெய் இயந்திரத்துக்குப் பதிலாகச் சூரிய சக்தியில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் நல்ல மாற்றம். எரிபொருட் செலவு இல்லை; கிணற்றடியில் எண்ணெய் சிந்துவதும் இல்லை. ஆனால் செலவில்லை என்பதற்காக வெயில் உள்ளவரை இறைத்தால் உப்புநீர் மேலே வரும். முன்னர் மண்ணெண்ணெய் விலை நம் கையைப் பிடித்தது. இனி நாமே கணக்குப் பார்க்கவேண்டும். உயரத்தில் ஒரு தாங்கி கட்டி, துளிநீர்ப் பாசனம் செய்தால் குறைந்த நீரில் அதே தோட்டம் விளையும்.

காணிக்குத் திரும்புவோர் கவனத்துக்கு

1. நெடுநாள் கைவிட்ட கிணற்றில் உடனே ஆளை இறக்க வேண்டாம். உள்ளே நச்சுக்காற்று இருக்கலாம். அனுபவமுள்ளவர்களைக் கொண்டே இறைத்துத் துப்புரவாக்குங்கள்.

2. குடிக்குமுன் நீரைச் சோதிப்பியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ நீர் வழங்கல் சபை அலுவலகத்திலோ கேளுங்கள். முடிவை எழுத்தில் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

3. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். எண்ணெயும் நைத்திரேற்றும் போகமாட்டா. குளோரினும் அவற்றை நீக்காது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது.

4. யூரியாவை ஒரே தடவையில் அள்ளி வீசாமல், பயிருக்கு வேண்டிய அளவில் பிரித்து இடுங்கள். பயிர் எடுக்காத மிச்சம் கிணற்றுக்கே போகும்.

5. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து இயன்ற அளவு தொலைவில் இருக்கட்டும். சுண்ணக்கல் நிலத்தில் அடி பூசி மூடிய தாங்கியே பாதுகாப்பு.

6. இயந்திரத்தின் பழைய எண்ணெயை நிலத்தில் ஊற்றாமல் கலனில் சேர்த்து வையுங்கள்.

7. கிணற்றுச் சுவரில் அளவுக்கோடுகள் இட்டு, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து வாருங்கள்.

ஊரில் தொழிற்சாலையோ மின்நிலையமோ வரப்போகிறதென்றால், கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் முதலிலேயே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்கட்டும்: "கழிவு எங்கே போகும்?" வேலை தொடங்குமுன் சுற்றுவட்டக் கிணறுகளின் நீரைச் சோதித்து வைத்தால், பின்னர் கேடு வந்தாலும் முன்னிருந்த நிலைக்குச் சான்று நம் கையில் இருக்கும். ஒரு குடும்பம் தனியே கேட்டால் பதில் வரத் தாமதமாகலாம். ஒரே நீரைக் குடிக்கும் ஊர் முழுவதும் சேர்ந்து கேட்டால், அதைத் தட்டிக்கழிப்பது எளிதன்று.